ஸ்டீராய்டால் கொட்டுகிறதா, இயல்பாக உதிர்கிறதா? வீட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழி

குளித்து முடித்துப் பார்த்தால் தண்ணீர் போகும் ஓட்டையில் ஒரு கற்றை முடி சுருண்டு கிடக்கிறது. ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருப்பவருக்கு அந்த நொடியில் வயிறு கலங்கிவிடும். 'ஆரம்பித்துவிட்டது, இனி வழுக்கைதான்' என்று தோன்றும். இன்னொருவர் இருப்பார். ஒரு வருடமாக அவருக்கு நெற்றி ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். ஆனால் தரையிலோ தலையணையிலோ அதிகமாக முடி கிடக்காது. அதனால் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாக இருப்பார். பெரும்பாலும் முதலாமவரின் முடி திரும்ப வந்துவிடும். இரண்டாமவரின் முடிதான் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

புதிதாக இந்தக் கவலைக்குள் வந்திருப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எத்தனை முடி விழுந்தது என்று மட்டும் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். விழுந்த இடத்தில் எப்படிப்பட்ட முடி முளைக்கிறது என்று பாருங்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதைக் கண்டுபிடிக்கத்தான்.

எந்த ஸ்டீராய்டு?

ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு மருந்துக் குடும்பங்கள் இருப்பதால்தான் பாதிக் குழப்பம். தசை ஏற்றுவதற்காக ஜிம்மில் பேசப்படுபவை அனபாலிக் ஸ்டீராய்டுகள். டெஸ்டோஸ்டிரோன், நாண்ட்ரோலோன், ஸ்டானோசோலோல், டிரென்போலோன் எல்லாம் இந்தக் குடும்பம். இவை ஆண் ஹார்மோனைப் போலவே வேலை செய்பவை. ஆஸ்துமா, மூட்டு வாதம், தோல் நோய் போன்றவற்றுக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் போன்றவை கார்ட்டிகோஸ்டீராய்டுகள். இவற்றுக்கும் ஆண் ஹார்மோனுக்கும் சம்பந்தமில்லை. தலைமுடியை இவை பாதிக்கும் விதமும் வேறு. மருத்துவர் கொடுத்த மாத்திரை சாப்பிடுபவர் ஜிம்காரர்களின் அனுபவத்தைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை.

பெயர் தெரியாத மாத்திரையோ, 'இயற்கையான தசை வளர்ச்சி' என்று விற்கப்படும் பவுடரோ எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் சந்தேகக் கணக்கில் சேருங்கள். லேபிளில் போடாமல் ஸ்டீராய்டு கலந்து விற்ற பொருள்கள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன.

முடி எப்படி வாழ்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மீதி தானாக விளங்கும். ஒரு தலையில் சுமார் 1,00,000 முடிகள். அவற்றில் 85 முதல் 90 சதவீதம் எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு முடியின் வளர்ச்சிக் காலம் 2 முதல் 6 ஆண்டுகள். அப்புறம் இரண்டு மூன்று வாரங்களில் வளர்ச்சி நின்று, சுமார் 3 மாதம் ஓய்வில் இருக்கும். ஓய்வு முடிந்ததும் விழும், அதே மயிர்க்காலில் இருந்து புது முடி கிளம்பும். இப்படி ஒரு நாளில் 50 முதல் 100 முடி வரை விழுவது எல்லோருக்கும் உள்ளதுதான். இரண்டு மூன்று நாள் தலை அலசாமல் இருந்தால் தலையிலேயே தங்கிய பாக்கியும் சேர்ந்து ஒரே குளியலில் வந்துவிடும்.

இந்தச் சுழற்சி இரண்டு விதமாகக் கெடலாம். முதலாவதில், கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பட்டினி மாதிரியான டயட், பிரசவம், சில மருந்துகள் என்று உடலுக்கு ஒரு அதிர்ச்சி கிடைக்கிறது. வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் நிறைய ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. ஓய்வுக்காலம் கழிந்து, அதாவது இரண்டு மூன்று மாதம் தாமதமாக, எல்லாம் ஒன்றாகக் கொட்டுகின்றன. மருத்துவர்கள் டெலோஜென் எஃப்ளூவியம் என்பார்கள். நாம் அதிர்ச்சி உதிர்வு என்று வைத்துக்கொள்வோம். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் மயிர்க்காலுக்கு ஒன்றும் ஆவதில்லை. காரணம் நீங்கினால் பழைய தடிமனிலேயே முடி திரும்பும்.

இரண்டாவது, ஆண் ஹார்மோன் வழி வருவது. உடலில் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி டி.எச்.டி. என்ற இன்னும் வலுவான ஹார்மோனாக மாறுகிறது. மரபிலேயே அதற்கு எளிதில் மசியும் மயிர்க்கால்கள் சிலருக்கு நெற்றி ஓரத்திலும் உச்சியிலும் இருக்கும். டி.எச்.டி. பட்டுப் பட்டு அவற்றின் வளர்ச்சிக் காலம் ஆண்டுகளிலிருந்து மாதங்களாகக் குறுகும். ஒவ்வொரு சுற்றிலும் முடி முன்னைவிட மெல்லியதாக, குட்டையாக வரும். கடைசியில் பூனைமுடியாகிவிடும். அனபாலிக் ஸ்டீராய்டு செய்வது இந்த வேலையை முடுக்கிவிடுவதுதான்.

அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே மிகவும் பொருந்தும். பருவமடையும் முன்பே விதை அகற்றப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி போக ஆரம்பித்தது. கொடுப்பதை நிறுத்தியதும் வழுக்கை மேலே பரவுவது நின்றது. ஆனால் போன முடி வரவில்லை. மரபு, ஹார்மோன் இரண்டும் சேர்ந்தால்தான் இந்த வழுக்கை. அதனால்தான் ஒரே மருந்தைப் போடும் இரண்டு பேரில் ஒருவர் தலை அப்படியே இருக்கிறது, மற்றவருக்கு ஆறு மாதத்தில் உச்சி தெரிகிறது. அப்பா வழி, அம்மா வழி இரண்டு பக்க ஆண்களின் தலையையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

முதல் படி: தேதிகளை எழுதுங்கள்

ஒரு தாளில் கடந்த எட்டு மாதத்தை மாதவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு தொடங்கிய நாள், அளவு மாற்றிய நாள், நிறுத்திய நாள், காய்ச்சல், அறுவை சிகிச்சை, டயட், புதிதாகச் சேர்த்த மாத்திரை, பெரிய துக்கம், தூக்கமில்லாத காலம் என்று எல்லாவற்றையும் குறியுங்கள். முடி கொட்டுவது எப்போது கூடியது என்பதைச் சிவப்பில் எழுதுங்கள். பிறகு சிவப்புக் குறியிலிருந்து இரண்டு மூன்று மாதம் பின்னால் போங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் ஜனவரியில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி தொடங்குகிறார். பிப்ரவரி நடுவில் 103 டிகிரி காய்ச்சலில் ஒரு வாரம் படுக்கிறார். எழுந்ததும் கொழுப்பைக் குறைக்க மாவுச்சத்தை அடியோடு நிறுத்திச் சாப்பாட்டைப் பாதியாக்குகிறார். மே மாதம் சீப்பு நிறைய முடி. அவர் ஊசியைத்தான் குற்றம் சொல்வார். கணக்கு காட்டுவது காய்ச்சலையும் பட்டினியையும். சைக்கிள் (சில வாரங்கள் தொடர்ந்து ஸ்டீராய்டு எடுக்கும் சுற்று) போடுகிறவர்கள் அதே சமயத்தில் கடுமையான டயட்டிலும் இருப்பது மிகவும் சாதாரணம் என்பதால் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

ஊசி போட்ட மூன்றாம் நாள் கொட்டிய முடிக்கும் இதே பதில்தான். அந்த முடி ஓய்வுக்குப் போனதே ஊசிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு. சரி, தேதி இப்படிப் பொருந்திவிட்டால் ஸ்டீராய்டுக்குப் பங்கே இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. அதைத்தான் அடுத்த இரண்டு படிகளில் பார்க்கப்போகிறோம்.

இரண்டாம் படி: எந்த இடத்தில் குறைகிறது

அதிர்ச்சி உதிர்வு தலை முழுக்கப் பரவலாக இருக்கும். காதுக்கு மேலே, பிடரியில், உச்சியில் எல்லா இடத்திலும் அடர்த்தி குறையும். நீள முடி உள்ளவர்களுக்குப் பின்னல் மெலிந்துவிடும், ரப்பர் பேண்ட் இன்னொரு சுற்று கேட்கும். ஹார்மோன் வழி மெலிவு இடம் பார்த்து வரும். ஆண்களுக்கு நெற்றியின் இரு மூலைகள், உச்சிச் சுழி. பெண்களுக்கு பெரும்பாலும் நடு வகிடு அகலமாகும், அளவு அதிகமானால் நெற்றி மூலையும் ஏறும். பிடரியும் பக்கங்களும் அப்படியே இருக்கும்.

கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பதை நம்பாதீர்கள். பயத்தோடு பார்க்கும் கண்ணுக்குத் தினமும் ஒரு மாதிரி தெரியும். மாதம் ஒருமுறை, காய்ந்த முடியில், ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் நான்கு படம் எடுங்கள்: முன்நெற்றி, இரண்டு மூலைகள், உச்சி. ஈர முடியில் யாருக்கும் மண்டைத் தோல் தெரியும், அந்தப் படம் பயன்படாது. இன்னொன்று, பதின்பருவத்தின் கடைசியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் நெற்றிக்கோடு சற்று மேலேறுவது பல ஆண்களுக்கு இயல்பு. ஏறி, ஓரிடத்தில் நின்றுவிடும். நிற்காமல் ஏறுவதும், உச்சியும் சேர்ந்து மெலிவதும்தான் கவனிக்க வேண்டியவை.

மூன்றாம் படி: விழுந்த முடியைக் கையில் எடுங்கள்

என் பார்வையில் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பலரும் செய்யாமல் விடுவதும் இதைத்தான்.

வெள்ளைத் தாளில் பத்து முடியைப் பரப்புங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் 'வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது' என்று நிறையப் பேர் கலங்குவார்கள். அது வேரே இல்லை. ஓய்வை முடித்து முறைப்படி விழுந்த முடியின் அடிக்குமிழ் அது. மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. இயல்பு உதிர்விலும் அதிர்ச்சி உதிர்விலும் விழுவது இப்படிப்பட்ட முடிதான். குமிழே இல்லையென்றால் முடி நடுவில் ஒடிந்திருக்கிறது. சூடு, சாயம், இறுக்கிக் கட்டுவது போன்றவற்றைப் பாருங்கள். ஸ்டீராய்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அடுத்து தடிமன். விழுந்தவை எல்லாம் நீளமாக, ஒரே தடிமனாக இருந்தால் பெரும்பாலும் அதிர்ச்சி உதிர்வு. நடுநடுவே குட்டையான, நூலிழையைவிட மெல்லிய, நுனி ஊசிபோல் கூராக உள்ள முடிகள் கிடந்தால் கவனியுங்கள். கத்தரியே படாததால்தான் நுனி கூராக இருக்கிறது. வெட்டும் நீளத்துக்கு வளர்வதற்குள்ளேயே அது விழுந்துவிட்டது. வளர்ச்சிக் காலம் குறுகிவிட்டதற்கான அடையாளம் அது.

இதையே கொஞ்சம் முறையாகச் செய்ய ஒரு சோதனை இருக்கிறது. ஐந்து நாள் தலை அலசாமல் இருங்கள். ஆறாம் நாள் ஒரு தொட்டியில் அலசுங்கள், தண்ணீர் போகும் ஓட்டையை மெல்லிய துணியால் மூடிவிடுங்கள். சேர்ந்த முடியைக் காயவைத்து எண்ணுங்கள். 3 சென்டிமீட்டரும் அதற்குக் குறைவும் உள்ளவற்றைத் தனியாக வையுங்கள். அலசலில் வந்தவை மட்டும் (சீப்பிலும் தலையணையிலும் போனவை சேராது) மொத்தம் 100-க்கு மேல் இருந்து, குட்டை முடி பத்தில் ஒரு பங்குகூட இல்லையென்றால் அதிர்ச்சி உதிர்வின் பக்கம் சாய்கிறது. மொத்தம் 100-க்குள் இருந்து, குட்டை முடி பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் என்றால் ஹார்மோன் மெலிவு. இரண்டும் அதிகம் என்றால் இரண்டும் சேர்ந்து நடக்கிறது. தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் முறைதான் இது. ஒரு நிபந்தனை உண்டு. முடியை ஒட்ட வெட்டியிருப்பவருக்கு எல்லா முடியும் குட்டைதான் என்பதால் இது பொருந்தாது.

ஒட்ட வெட்டியவர்கள் வேறு வழியில் பார்க்கலாம். பிடரியிலிருந்து ஒரு முடி, உச்சியிலிருந்து நாலைந்து முடி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பிடரி முடிதான் உங்கள் அளவுகோல். உச்சி முடிகளில் ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு, ஒன்று பூனைமுடி என்று கலந்திருந்தால் மெலிவு தொடங்கியிருக்கிறது. மருத்துவர் டெர்மோஸ்கோப் என்ற பூதக்கண்ணாடிக் கருவியால் பார்ப்பதும் இதைத்தான். ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முடிகள் தடிமனில் மாறுபட்டால் அவர் ஹார்மோன் வழுக்கை என்ற முடிவுக்கு வருவார்.

நெற்றிக்கோட்டில் குட்டையாக நிமிர்ந்து நிற்கும் முடிகளைப் பார்த்தும் குழம்ப வேண்டாம். அடியில் நல்ல தடிமனோடு கறுப்பாக இருந்தால் அவை புதிதாக முளைத்து வருபவை. மாதம் சுமார் 1 சென்டிமீட்டர் நீளும். அடியிலிருந்து நுனி வரை வெளிறி மெல்லியதாக, மாதக்கணக்கில் நீளாமல் இருப்பவைதான் மெலிந்தவை.

எண்ணிக்கை தேவைப்படுபவர்களுக்கு

தலை அலசும் முன் ஒரு வெளிர் துணியின் மேல் குனிந்து, உச்சியிலிருந்து நெற்றியை நோக்கி 60 நொடி சீவுங்கள். மூன்று நாள் தொடர்ந்து தலை அலசிய பிறகு நான்காம் நாள் செய்தால் கணக்கு சரியாக இருக்கும். ஆரோக்கியமான ஆண்களிடம் செய்து பார்த்தபோது சராசரி 10 முடி அளவில் வந்தது. மாதம் ஒருமுறை போதும்.

விரலால் இழுத்தும் பார்க்கலாம். 50, 60 முடியைக் கட்டைவிரலுக்கும் இரண்டு விரலுக்கும் நடுவில் பிடித்து அடியிலிருந்து நுனி வரை மெதுவாக இழுங்கள். ஆறு அல்லது அதற்கு மேல் கையோடு வந்தால் உதிர்வு தீவிரம். பிடரியிலும் அப்படியே வந்தால் அதிர்ச்சி உதிர்வு என்ற சந்தேகம் வலுக்கும். ஹார்மோன் மெலிவில் பெரும்பாலும் ஒன்றிரண்டுக்கு மேல் வராது.

தலைக்கு வெளியே

முதுகிலும் தோளிலும் புதிதாகப் பருக்கள், எண்ணெய் வடியும் முகமும் மண்டையும், மார்பிலும் முதுகிலும் முடி கூடுவது ஆகியவை ஆண் ஹார்மோன் அதிகமாக வேலை செய்வதன் சாட்சிகள். தலை மெலிவோடு இவையும் சேர்ந்தால் ஸ்டீராய்டின் பங்கை மறுக்க முடியாது. பெண்களுக்கு முகத்தில் கரடான முடி, மாதவிடாய் தவறுவது, குரல் கனப்பது போன்றவை தெரிந்தால் முடியைவிட அவசரமான விஷயம் அது. கனத்த குரல் மருந்தை நிறுத்திய பிறகும் பழையபடி ஆகாமல் போகலாம். உடனே மருத்துவரிடம் போங்கள்.

கார்ட்டிகோஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு

உங்களுக்கு வருவது பெரும்பாலும் பரவலான உதிர்வு. அதில்கூட மருந்தின் பங்கு எவ்வளவு, எந்த நோய்க்காகச் சாப்பிடுகிறீர்களோ அதன் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) போன்ற நோய்கள் தாமே முடியைக் கொட்டவைக்கும். அதிக அளவில் நாள்பட எடுக்கும்போது முகம் வட்டமாக உப்பி, கன்னத்தில் பூனைமுடி வளர்ந்து, தலையில் மட்டும் முடி குறைவதைப் பார்த்தால் மருந்தைச் சந்தேகிக்கலாம். இன்ஹேலரிலும் களிம்பிலும் உடலுக்குள் போகும் அளவு குறைவு.

தயவுசெய்து முடிக்காக மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். சில வாரங்களுக்கு மேல் இதைச் சாப்பிட்டவரின் அட்ரீனல் சுரப்பி, அதாவது உடலின் சொந்த கார்ட்டிகோஸ்டீராய்டைச் சுரக்கும் சுரப்பி, தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென நிறுத்தினால் சோர்வு, வாந்தி, ரத்த அழுத்தம் விழுவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டியவர் மருத்துவர். முடி இரண்டு மாதம் கழித்தும் வரும்.

இரண்டும் சேர்ந்திருந்தால்

அனபாலிக் எடுப்பவர்களிடம் இது நிறையவே நடக்கும். டயட்டால் அதிர்ச்சி உதிர்வு, மருந்தால் மெலிவு. முதலாவது ஆறு மாதத்துக்குள் அடங்கும்போது 'எல்லாம் சரியாகிவிட்டது' என்ற நினைப்பு வரும். பிடரி பழையபடி நிறைந்து உச்சி மட்டும் நிறையாமல் இருந்தால் அந்த மிச்சம்தான் ஸ்டீராய்டின் பங்கு. முதல் படியில் தேதிகள் பொருந்தினாலும் மருந்தை விடுவிக்க முடியாது என்று சொன்னது இதனால்தான். நிறுத்தினால் மெலிவின் வேகம் பழைய நிலைக்கு இறங்கும். ஆனால் மெலிந்தவை தாமாகத் தடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சீக்கிரம் சிகிச்சைக்குப் போனவருக்கு மீட்க நிறைய இருக்கும்.

மருத்துவரிடம் போகும்போது

என்ன எடுத்தீர்கள், எவ்வளவு, எத்தனை வாரம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அவர் தவறான திசையில் தேடுவார். தேதித் தாளையும் மாதப் படங்களையும் எடுத்துப் போங்கள். பெரும்பாலும் ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., வைட்டமின் டி ஆகிய ரத்தப் பரிசோதனைகள் இருக்கும். அனபாலிக் எடுத்தவர் டெஸ்டோஸ்டிரோன், விதைகளை வேலை செய்யவைக்கும் ஹார்மோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச்., ஈரல், கொழுப்பு, ரத்த அடர்த்தி ஆகியவற்றையும் பார்த்துக்கொள்வது நல்லது. முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட ஆரம்பித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அது தைராய்டு பரிசோதனை முடிவையே தவறாகக் காட்டக்கூடியது. ரத்தம் கொடுப்பதற்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நண்பர் சொன்னார் என்று ஃபினாஸ்டரைடு வாங்கிப் போடாதீர்கள். அது டெஸ்டோஸ்டிரோன் டி.எச்.டி.யாக மாறுவதைத் தடுக்கும், அவ்வளவுதான். ஸ்டானோசோலோல், ஆக்ஸாண்ட்ரோலோன் போன்றவை டி.எச்.டி. வழி வந்த மருந்துகள் என்பதால் அங்கே அதற்குத் தடுக்க ஒன்றுமில்லை. நாண்ட்ரோலோனோடு சேர்த்தால் தலைக்கு இன்னும் கெடுதல் ஆகலாம், ஏனென்றால் அந்த மருந்து மாறினால்தான் வலு குறையும். கருவுறும் வாய்ப்புள்ள பெண்கள் உடைந்த ஃபினாஸ்டரைடு மாத்திரையைத் தொடவே கூடாது. முடி வளர்வதற்கான மருந்தான மினாக்ஸிடில் தொடங்கினால் முதல் சில வாரங்களில் உதிர்வு கூடலாம். அதைப் பார்த்துப் பாதியில் விட்டுவிடுபவர்கள் நிறைய. புது முடி பழசைத் தள்ளிக்கொண்டு வரும் கட்டம் அது.

அனபாலிக்கை நிறுத்துவதையும் ஹார்மோன் மருத்துவரின் துணையோடு செய்யுங்கள். உடல் தன் சொந்த டெஸ்டோஸ்டிரோனை மறுபடி சுரக்க மாதங்கள் ஆகலாம். இடையில் மனச்சோர்வு கடுமையாக வரலாம். அந்த நாட்களில் வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும்.

இவ்வளவும் பொறுமையாகப் பார்க்க நேரம் உள்ளவர்களுக்கு. நாணயம் போல வட்டமாக ஓரிடத்தில் முடி முழுதும் போயிருந்தாலோ, மண்டைத் தோல் சிவந்து எரிந்தாலோ, சீழ் வைத்தாலோ, புருவமும் சேர்ந்து கொட்டினாலோ அது இங்கே பேசிய இரண்டுமே இல்லை. படம் எடுத்து மாதக்கணக்கில் காத்திராமல் இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். சிலவகை நோய்களில் மயிர்க்கால் இருந்த இடமே தழும்பாகிவிடும், அப்புறம் அங்கே முடி முளைக்காது.